சிங்கப்பூருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் எந்தக் கார்டு?

சிங்கப்பூருக்கு விமான டிக்கெட் போட்டதும் பலர் கேட்கும் கேள்வி, "அங்கே போனதும் டூரிஸ்ட் பாஸ் வாங்கிவிடலாமா?" என்பதுதான். (குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கும் பாஸ் அது.) பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஒருவரோ இருவரோ போனால், கையில் இருக்கும் பேங்க் கார்டே போதும். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு ஈஸி-லிங்க் கார்டு, அதாவது முன்கூட்டியே பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பயணக் கார்டு. காலையிலிருந்து இரவு வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கப்போகிறவருக்குத்தான் டூரிஸ்ட் பாஸ் லாபம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், கிளம்புவதற்கு முன் ஊரிலேயே முடிக்கவேண்டிய வேலைகளையும் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதலில் கட்டணக் கணக்கு

சிங்கப்பூரில் 2010 ஜூலை முதல் தூரத்தை வைத்துத்தான் கட்டணம். பஸ்ஸில் நான்கு நிறுத்தம் போய், இறங்கி, எம்ஆர்டி என்னும் மெட்ரோ ரயில் பிடித்து, மறுபடி ஒரு பஸ் ஏறினாலும் அது மூன்று டிக்கெட் ஆகாது. மொத்தத் தூரத்தைக் கூட்டி ஒரே பயணமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏற 45 நிமிடம் அவகாசம் உண்டு. முழுப் பயணமும் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கவேண்டும். ஐந்து முறை வரை மாறலாம். அதே எண் பஸ்ஸில் மறுபடி ஏறினால் மட்டும் புதுப் பயணமாகிவிடும்.

பெரியவர்களுக்குக் கார்டில் கட்டணம் ஏறத்தாழ ஒன்றேகால் டாலரில் தொடங்கும். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனாலும் இரண்டரை டாலரைச் சுற்றித்தான் நிற்கும். சுற்றுலாப் பயணி போகும் இடங்கள் அவ்வளவு தூரமில்லை, அதனால் ஒரு பயணத்துக்கு ஒன்றரை டாலர் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டால் போதும். (லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைப் பக்கம் தமிழ்க் கடைக்காரர்கள் டாலரை வெள்ளி என்பார்கள். "ரெண்டு வெள்ளி" என்றால் இரண்டு டாலர்.)

மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம் என்ற இந்தச் சலுகை, எல்லா வண்டியிலும் ஒரே கார்டைத் தட்டினால்தான் கிடைக்கும். காசாகக் கொடுத்தால் கிடையாது. பஸ்ஸில் காசு போடலாம், ஆனால் கட்டணமும் கூடுதல், மீதிச் சில்லறையும் தரமாட்டார்கள். ரயிலுக்கான ஒற்றைப் பயணத் தாள் டிக்கெட்டை 2022-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஏதாவது ஒரு கார்டு இல்லாமல் எம்ஆர்டி கேட்டைத் தாண்ட முடியாது. பழைய பயணக் குறிப்புகளில் மெஷினில் டிக்கெட் எடுப்பதைப் பற்றிப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

பேங்க் கார்டைக் கேட்டில் நேரடியாகத் தட்டும் வசதி 2019-ல் வந்தது. சிம்ப்ளிகோ என்பது அதன் பெயர். மாஸ்டர்கார்டு, விசா கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆகியவற்றை ஏற்கும். ரூபே அந்தப் பட்டியலில் இல்லை. நம்மில் பலருடைய டெபிட் கார்டு ரூபேதான், ஆகவே முதல் வேலையாகக் கார்டை எடுத்து எந்தச் சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் நான்கு வளைகோடுகள் போட்ட அலைக் குறி இருக்கவேண்டும். அது இல்லாத கார்டைத் தட்டிப் பயனில்லை. யூபிஐ சிங்கப்பூரில் சில கடைகளில் செல்லும், ஆனால் எம்ஆர்டி கேட்டில் செல்லாது.

அடுத்து பேங்க் ஆப்பைத் திறங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 முதல் புதிதாகத் தரும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும் நிலையில்தான் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தட்டிக் கட்டும் வசதியையும் நாம்தான் தனித்தனியாகத் திறந்துவிடவேண்டும். பலர் முதலாவதைத் திறந்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் கடையில் கார்டைச் செருகிப் பின் நம்பர் போட்டால் வேலை செய்யும், கேட்டில் தட்டினால் சிவப்பு விளக்குதான் எரியும். இரண்டையும் திறந்து, தினசரி உச்சவரம்பையும் பார்த்து வையுங்கள். இதை ஊரிலேயே முடிப்பது நல்லது. ஓடிபி நம் சிம்முக்குத்தான் வரும், அங்கே போய் ரோமிங் இல்லாமல் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாக, அந்நியச் செலாவணிக் கட்டணம். இந்தியக் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள், அந்தத் தொகைக்கு ஜிஎஸ்டி வேறு. பூஜ்ய கட்டணம் உள்ள கார்டுகளும் இருக்கின்றன. வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு போன் போட்டு உங்கள் கார்டில் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பஸ் கட்டணத்தில் இது பெரிதாகத் தெரியாது, ஓட்டல் பில்லில் நன்றாகவே தெரியும். சிங்கப்பூர் டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு வாங்கினால் இந்தக் கட்டணம் இருக்காது. அதிலும் அலைக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எதுவானாலும் இரண்டு கார்டு கையில் இருக்கட்டும், அதுவும் வெவ்வேறு பேங்கினுடையதாக. ஒன்று மக்கர் செய்தால் நடுவழியில் நிற்க வேண்டியிருக்காது.

பேங்க் கார்டா, ஈஸி-லிங்க்கா?

பேங்க் கார்டில் வரிசையில் நிற்க வேண்டாம், பணம் ஏற்ற வேண்டாம், கடைசியில் மிச்சம் தங்கிவிடுமே என்ற கவலை வேண்டாம். ஆனால் ஒரு செலவு உண்டு. வெளிநாட்டில் தந்த கார்டு என்றால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு (சென்ட்) நிர்வாகக் கட்டணம் பிடிப்பார்கள். அன்று ஒரு முறை தட்டினாலும் பத்து முறை தட்டினாலும் அதே 60 காசுதான்.

ஈஸி-லிங்க் கார்டு 10 டாலர். அதில் 5 டாலர் கார்டின் விலை, திரும்பக் கிடைக்காது. மீதி 5 டாலர் பயணத்துக்கு. எம்ஆர்டி டிக்கெட் அலுவலகங்களிலும் செவன்-இலெவன் கடைகளிலும் வாங்கலாம், அங்கேயே பணமும் ஏற்றலாம்.

இப்போது கணக்குப் போடுங்கள். உங்கள் பேங்க் கார்டில் 3.5 சதவீதக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 6 டாலருக்குப் பயணம் செய்தால் அதற்கு ஜிஎஸ்டியோடு 25 காசு. நிர்வாகக் கட்டணம் 60 காசு. மொத்தம் 85 காசு. ஆறு நாள் இருந்தால் ஐந்து டாலரைச் சற்றே தாண்டும், அதாவது ஈஸி-லிங்க் கார்டின் விலைக்குச் சமம். நான்கு நாள் பயணத்துக்குப் பேங்க் கார்டு மலிவு. பத்து நாள், இரண்டு வாரம் உறவினர் வீட்டில் தங்கப்போகிறீர்கள் என்றால் ஈஸி-லிங்க் மலிவு. வித்தியாசம் சில டாலர்தான். அதற்காக மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

குடும்பமாகப் போகிறவர்களுக்குக் காசைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒரு கார்டில் ஒருவர்தான் போகமுடியும். நீங்கள் தட்டிவிட்டு அதே கார்டை மனைவிக்கும் பிள்ளைக்கும் தட்ட முடியாது. உள்ளே நுழைந்த கார்டு வெளியே வந்தால்தான் அடுத்த பயணம். நான்கு பேர் என்றால் நான்கு கார்டு வேண்டும். அப்பா அம்மாவிடம் ரூபே கார்டு மட்டும் இருக்கலாம், பிள்ளைகளிடம் ஒன்றுமே இருக்காது. இங்கேதான் ஈஸி-லிங்க் கைகொடுக்கிறது. ஆளுக்கொன்று வாங்கி, பின்பக்கம் பெயர் எழுதி ஒட்டி, அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். எல்லாக் கார்டையும் ஒருவரே வைத்துக்கொண்டு கேட்டில் மாறி மாறித் தட்டுவது குழப்பத்தில்தான் முடியும். உள்ளே போகும்போது ஒரு கார்டு, வெளியே வரும்போது வேறொன்று என்றாகிவிட்டால் இரண்டிலும் பயணம் பாதியில் நிற்கும்.

0.9 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பெரியவரோடு பயணம் இலவசம். அதைவிட வளர்ந்த, ஆனால் ஏழு வயது நிரம்பாத பிள்ளை என்றால் பாஸ்போர்ட்டோடு டிக்கெட் அலுவலகத்துக்குப் போய்ச் சிறுவர் கார்டு பற்றிக் கேளுங்கள். மூத்தோருக்கான சலுகைக் கட்டணம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான், நம் பெற்றோருக்குக் கிடைக்காது.

ஈஸி-லிங்க்கில் மிச்சம் 3 டாலருக்குக் கீழே போனால் கேட் திறக்காது. ஆகவே ஒருவருக்கு 10 டாலர் ஏற்றி, குறையக் குறைய ஏற்றிக்கொள்ளுங்கள். இப்போது புதிதாக விற்கும் கார்டுகளில், தட்டும்போது மிச்சம் எவ்வளவு என்று கேட்டில் தெரியாது. சிம்ப்ளிகோ ஆப்பிலோ நிலையத்து மெஷினிலோதான் பார்க்கவேண்டும். இது அங்குள்ளவர்களுக்கே பிடிக்காத விஷயம். பழைய வகைக் கார்டுகளை நிறுத்தப்போவதாக 2024 ஜனவரியில் அரசு அறிவித்தது. தட்டியதும் மிச்சம் தெரியவேண்டும் என்று மக்கள் கேட்டதால், இரண்டு வாரத்துக்குள் முடிவை மாற்றி, பழைய முறையையும் தொடர்ந்து நடத்த 40 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். வயதானவர்கள் தினமும் எண்ணிப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள், அவர்களுடைய பேச்சைக் கேட்டது சரி என்றே நினைக்கிறேன்.

டூரிஸ்ட் பாஸ் யாருக்கு?

டூரிஸ்ட் பாஸ் ஒரு நாளுக்கு 17 டாலர், இரண்டு நாளுக்கு 24, மூன்று நாளுக்கு 29. விலை மாறக்கூடியது, கவுன்ட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் பாஸில் நாளுக்கு ஏறத்தாழ 10 டாலர் ஆகிறது. ஒரு பயணத்துக்கு ஒன்றரை டாலர் என்றால், தினமும் ஏழு பயணம் போனால்தான் போட்ட காசு திரும்பும். ஒரு நாள் பாஸ் என்றால் பன்னிரண்டு பயணம்.

நிஜமான ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். லிட்டில் இந்தியாவில் தங்கியிருக்கிறீர்கள். காலையில் டவுன்டவுன் பாதையில் ஏறி பேஃபிரண்ட்டில் இறங்கி, கார்டன்ஸ் பை த பே. மதியம் அதே பாதையில் சைனாடவுன், அங்கே 1827-ல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில். சாயங்காலம் வடகிழக்குப் பாதையில் ஹார்பர்ஃபிரண்ட் போய் அங்கிருந்து செந்தோசா தீவு. இரவு ஹார்பர்ஃபிரண்ட்டிலிருந்து நேராக லிட்டில் இந்தியா. ரயில் பயணம் நான்குதான், ஆறு டாலரைச் சுற்றி முடிந்துவிடும். கால் வலிக்கச் சுற்றிய நாளுக்கே கணக்கு இவ்வளவுதான். போதாததற்குப் பாஸின் நாள் என்பது 24 மணி நேரம் அல்ல, அன்றைய சேவை முடியும்வரைதான். மாலை நான்கு மணிக்கு வாங்கினால் முதல் நாளில் பெரும்பகுதி போய்விடும். பாஸ் வாங்குவதாக இருந்தால் காலையில் வாங்குங்கள்.

வேலை விஷயமாக ஊர் முழுக்க அலைகிறவர்கள், பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து ஊரைப் பார்ப்பதே சந்தோஷம் என்கிறவர்கள் பாஸை எடுக்கலாம். கணக்குப் பார்க்காமல் எந்தப் பஸ் வந்தாலும் ஏறிவிடும் சுதந்திரத்துக்கும் ஒரு விலை உண்டுதானே.

சாங்கியில் இறங்கியதும்

எம்ஆர்டி நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவே இருக்கிறது. முதல் முனையத்தில் இறங்கினால் ஸ்கைட்ரெயினிலும், நான்காம் முனையத்தில் இறங்கினால் இலவசப் பஸ்ஸிலும் அங்கே வந்து சேரலாம். நம் ஊரிலிருந்து போகும் விமானங்கள் பல விடியற்காலையில் இறங்குகின்றன. முதல் ரயில் ஐந்தரை மணியை ஒட்டித்தான், டிக்கெட் அலுவலகம் திறக்க இன்னும் நேரமாகும். அந்த நேரத்தில் பேங்க் கார்டு வைத்திருப்பவர் நேராகக் கேட்டுக்குப் போய்விடலாம். குடும்பத்தோடு போகிறவர்கள் விமான நிலையத்துக் கடைகளில் ஈஸி-லிங்க் விற்கிறார்களா என்று விசாரியுங்கள், இல்லையென்றால் டாக்சி எடுத்துவிடுங்கள். பெட்டிகளோடு நான்கு பேர் என்றால் டாக்சி தப்பில்லை. நள்ளிரவு முதல் காலை ஆறு மணிக்கு முன்வரை மீட்டர் கட்டணத்துக்கு மேல் பாதி கூடுதல் என்பது நினைவிருக்கட்டும். ஆறு மணி ஆகப்போகிறது என்றால் ஒரு காப்பி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

லிட்டில் இந்தியா போகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி சொல்கிறேன். ஊருக்குள் போகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவது நிலையமான தானா மேராவில் இறங்கி மாறுவார்கள். நீங்கள் முதல் நிலையமான எக்ஸ்போவிலேயே இறங்கி, நீல நிற டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள். அங்கே ஏறினால் லிட்டில் இந்தியா வரை மாறவே வேண்டாம். பெட்டிகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. முஸ்தபா சென்டர் பக்கம் அறை எடுத்திருந்தால், லிட்டில் இந்தியாவில் வடகிழக்குப் பாதைக்கு மாறி அடுத்த நிலையமான ஃபேரர் பார்க்கில் இறங்கலாம்.

தட்டும்போது

ரயிலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் கேட் இருப்பதால் தட்ட மறக்க வழியில்லை. பஸ்ஸில்தான் கவனம் தேவை. முன்வாசலில் ஏறும்போது ஒரு தட்டு, பின்வாசலில் இறங்கும்போது ஒரு தட்டு. இறங்கும்போது தட்ட மறந்தால் அந்தப் பஸ் போகும் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும், அடுத்த வண்டிக்கு மாறும் சலுகையும் போய்விடும். நம் ஊர் டவுன் பஸ்ஸில் இறங்கும்போது செய்ய எதுவும் இல்லாததால், இந்தப் பழக்கம் வர ஒரு நாள் ஆகும். பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும்போதும் உங்கள் பஸ் வருவது தெரிந்ததும் கையை நீட்டுங்கள், இல்லாவிட்டால் நிற்காமல் போகலாம்.

பர்ஸை அப்படியே தட்டாதீர்கள். உள்ளே இரண்டு மூன்று கார்டு இருந்தால் எது படிக்கப்பட்டது என்று தெரியாது. போனில் கார்டை ஏற்றித் தட்டுகிறவர்கள் கடைசிவரை போனிலேயே தட்டுங்கள். ஒரே கார்டாக இருந்தாலும், போனில் தட்டுவதையும் பிளாஸ்டிக்கில் தட்டுவதையும் இரண்டு தனிக் கார்டுகளாகத்தான் கேட் பார்க்கும். பேட்டரி தீர்ந்துபோனால் வெளியே வர நிலைய ஊழியரிடம் போகவேண்டியிருக்கும், அவர்கள் உதவுவார்கள்.

ரயிலிலும் பஸ்ஸிலும் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது, தண்ணீர் உட்பட. 500 டாலர் வரை அபராதம் உண்டு. எச்சரிக்கைப் பலகைகளில் தமிழும் இருக்கும்.

செந்தோசா, மண்டாய்

செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலுக்குத் தனிக் கட்டணம், 4 டாலர். ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தை ஒட்டிய விவோசிட்டி மாலில் உள்ளே போகும்போது மட்டும் கொடுத்தால் போதும், திரும்பி வரக் கட்டணமில்லை. டூரிஸ்ட் பாஸ் அங்கே செல்லாது. ஹார்பர்ஃபிரண்ட்டிலிருந்து 123-ஆம் எண் பஸ் சாதாரணக் கட்டணத்திலேயே தீவுக்குள் போகிறது, நான்கு பேர் குடும்பத்துக்கு அதுவே லாபம். வெயில் இறங்கிய பிறகு நடைபாலத்தில் நடந்தும் போகலாம், செலவே இல்லை.

ஜூரோங் பறவைப் பூங்காவுக்கு வழி தேட வேண்டாம். அது 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் பேர்ட் பாரடைஸாகத் திறந்தது. விலங்குக் காட்சிசாலையும் மண்டாயில்தான். காத்திப் எம்ஆர்டி நிலையத்திலிருந்து தனி ஷட்டில் ஓடுகிறது, அங் மோ கியோவிலிருந்து 138-ஆம் எண் பஸ்ஸும் போகிறது. இது கொஞ்சம் தூரம், முழு நாளை ஒதுக்குங்கள்.

கடையில் கார்டு நீட்டும்போது

போக்குவரத்துக்கு வெளியே ஒரே ஒரு எச்சரிக்கை. கடையிலோ ஏடிஎம்மிலோ "ரூபாயில் பிடிக்கட்டுமா, டாலரிலா?" என்று திரை கேட்டால் எப்போதும் சிங்கப்பூர் டாலரைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அந்த மெஷின்காரர்கள் வைத்த மாற்று விகிதம்தான், அது நமக்கு நஷ்டம். உணவங்காடிக் கடைகளில் பல இடங்களில் காசோ உள்ளூர் கியூஆரோதான் செல்லும். ஆகவே எத்தனை கார்டு இருந்தாலும் கையில் கொஞ்சம் நோட்டு இருக்கட்டும்.

திரும்பும்போது

ஈஸி-லிங்க்கில் மிச்சமிருக்கும் பணத்தை டிக்கெட் அலுவலகத்தில் திரும்பக் கேட்கலாம். மறுபடி போக வாய்ப்பிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கார்டு சில ஆண்டுகளுக்குச் செல்லும், அடுத்து போகிற உறவினரிடமும் கொடுக்கலாம்.

பேங்க் கார்டில் தட்டிய கட்டணம் அன்றன்றே கணக்கில் கழியாது. சில பயணங்களைச் சேர்த்து, சில நாள் கழித்துத்தான் எடுப்பார்கள். ஸ்டேட்மென்ட்டில் பஸ், எம்ஆர்டி என்ற பெயரில் வரும். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ பயன்படுத்தியிருந்தால், ஊர் வந்ததும் கணக்கைக் காலி செய்துவிடாதீர்கள். பணம் இல்லாமல் திரும்பினால் அந்தக் கார்டை அடுத்த முறை கேட் ஏற்காது, பாக்கியைக் கட்டித்தான் விடுவிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டு, எல்லாம் கழிந்துவிட்டதா என்று ஸ்டேட்மென்ட்டில் பார்த்த பிறகு வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் அணைத்துவிடுங்கள்.